நாலாவது பாட்டு

மீராசா நாற்காலிக் கட்சி.
நான் நாய்க் கட்சி.
ஆல்பத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை எங்களில்,
அட்டையில் என்ன படமோ அதுதான் பெயர்.

நாற்காலிக்கு எல்லாப் பத்திரிகையிலும் ஐந்து நட்சத்திரம்.
நாய்க்கு நாலரை.
அந்த அரையை நான் இன்னும் யாருக்கும் மன்னிக்கவில்லை.

பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு ஷிப்ட்.
விடிந்து வெளியே வந்தால்
கேட்டருகே அவன் காடி நிற்கும்,
நாற்காலியின் மூன்றாவது பாட்டு சன்னல் வழியே வழியும்.
"கேளு, இங்கதான் கிட்டார் கதவைச் சாத்துது."
"சாத்திட்டு அப்புறம் எதுக்கு இன்னும் எட்டுப் பாட்டு?"

நாற்காலியில் எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு.
அதுதான் அதன் கோளாறு.
ஒரு கல்யாண வீட்டில்
வந்தவர் எல்லாரும் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தால்
யார் கையைக் குலுக்குவது?

நாயில் ஐந்தாவது மட்டம். ஒத்துக்கொள்கிறேன்.
டிரம்மருக்கு எங்கோ போக வேண்டியிருந்தது போல
அவசர அவசரமாக ஓடி முடியும்.
அங்கே ஏ பக்கம் தீரும்.
கடக்.
கேசட்டைத் திருப்பிப் போடும்வரை
அறையில் மின்விசிறி மட்டும்.
பிறகு ஆறாவது வரும்,
ஈரக் காலோடு உள்ளே நுழைகிற ஆள் மாதிரி.

"அஞ்சாவதா மட்டம்? உனக்குக் காதே இல்ல" என்றான் மீராசா.
தொண்ணூற்றேழில் அதற்காக
ஒரு புகைமூட்டக் காலம் முழுக்க
பேசாமல் இருந்தோம்.

பிறகு பசம்பூர்க் கடையில் அருளப்பன் சமாதானம் வைத்தான்.
கடைக்கார நானா கேட்டார்:
எது முதல்ல வந்தா என்ன, எல்லாம் ஒரே தட்டுலதானே விழுது?
"அப்ப குழம்பை முதல்ல ஊத்துங்க நானா" என்றான் மீராசா.
கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.
"அது எப்படி?"
"அதான்."

நாய் எப்படி முடிகிறது என்பதில்தான் குட்டு உடைந்தது.
வீடு திரும்புவதோடு முடிகிறது என்றேன்.
ஓடிப்போவதோடு என்றான்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தி
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

என்னுடையது சௌராஸ்தா மாடியில் வாங்கிய உள்ளூர்க் கேசட்,
எட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
அவனுடையது சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்த சிடி.
நாலாவது பாட்டு ஏழு நிமிடம்.
இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும், நாடா வீணாகக்கூடாது என்று
எந்த அலுவலகத்திலோ எந்தக் கெர்ணியோ
அதைத் தூக்கிக் கடைசியில் போட்டிருக்கிறார்.
அது, நாய் திரும்பி வரும் பாட்டு.

இரண்டு வருடமாக நான் மட்டம் என்றது
அவனுடைய ஆறாவது.
அவன் உயிர் என்றது
என்னுடைய நாலாவது.

பட்டர்வொர்த் பெர்ரியில், காடியை விட்டு இறங்காமல்,
அவன் சிடியை முதல்முறை முழுதாகக் கேட்டேன்.
நாய் நாலாவதிலேயே வந்துவிட்டது.
இன்னும் ஆறு பாட்டு கிடந்தது, போவதற்கு.
"பாடினவங்க வச்ச வரிசை இது" என்றான்.
எனக்கு வச்சது கெர்ணி என்றேன்.
பெர்ரியில் தீவுக்கு வரத்தான் காசு,
போக இலவசம்.
அதை அப்போது சொல்லத் தோன்றவில்லை.

மீராசா இப்போது அடிலெய்டில்.
போன மாதம் நள்ளிரவில் செய்தி:
நாயை வெள்ளிவிழாப் பதிப்பாக மறுபடி போட்டிருக்கிறார்கள்,
கடைசிப் பாட்டுக்குப் பின்னால்
இன்னும் நாலு பாட்டு ஒட்டி.
"முடிஞ்சதுக்கு அப்புறம் எதுக்கு?" என்று கேட்டிருந்தான்.
இருபத்தைந்து வருடத்தில்
நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

கைப்பேசியில் கெர்ணியின் வரிசையைப் போட்டு வைத்திருக்கிறேன்.
ஐந்தாவது முடிந்ததும்
நானே நிறுத்துவேன்.
எழுந்து போய்
அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வருவேன்.